அடீனியத்தின் அடிக்கிழங்கு ஒரு பக்கம் மெத்தென்று ஆகிவிட்டது. காப்பாற்ற வழி உண்டா?

திருநகர் மாடித்தோட்டம் · நவம்பர் 16, மாலை 6.10

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் மாடியில் இருக்கும் ஓர் அடீனியத்துக்காக எழுதுகிறேன். பாலைவன ரோஜா என்று நர்சரியில் சொல்வார்களே, அதுதான். அப்பா ஆறு வருடத்துக்கு முன்னால் அழகர்கோவில் ரோட்டில் வாங்கி வந்தார். அப்போது கட்டைவிரல் தண்டி இருந்தது. இப்போது அடிப்பாகம் ஒரு சின்னச் சுரைக்காய் அளவுக்குப் பருத்திருக்கிறது. பூ வெளிர் ரோஸ், ஓரத்தில் மட்டும் அடர் சிவப்பு. சுங்குடிச் சேலைக்குக் கரை போட்ட மாதிரி இருக்கு என்று அப்பா சொல்வார். அவர் போய் இரண்டு வருடம் ஆகிறது.

ஐப்பசி பிறந்ததிலிருந்து இலை ஒவ்வொன்றாக மஞ்சளாகி உதிர்ந்தது. தண்ணீர் பற்றவில்லை போல என்று மழை விட்ட நாட்களில் நானும் ஒரு செம்பு ஊற்றிக்கொண்டே இருந்தேன். இன்று தொட்டியை நகர்த்தும்போது கை பட்டது. ஒரு பக்கம் விரல் உள்ளே போகிறது. மறுபக்கம் கல் மாதிரி இருக்கிறது. மண்ணில் புளித்த வாடை. கிளைகள் மட்டும் இன்னும் பச்சையாக இருக்கின்றன. என்ன செய்யலாம்?

மேலூர் ரோடு · நவம்பர் 16, மாலை 6.45

தங்கச்சி, தண்ணீரை உடனே நிறுத்துங்கள். செடியை இன்றைக்கே வெளியே எடுங்கள், காலை வரை விட வேண்டாம்.

அடீனியம் மெத்தென்று ஆவதில் இரண்டு வகை உண்டு. தாகம் என்றால் கிழங்கு முழுக்க ஒரே சீராகத் தளரும், தோல் சுருங்கும், காற்று இறங்கிய பந்தை அமுக்குகிற மாதிரி இருக்கும். நன்றாக ஒரு தண்ணீர் விட்டால் சில நாளில் இறுகிவிடும். அழுகல் அப்படி இல்லை. ஒரு இடம் மட்டும் குழியும், தோல் நிறம் மாறும், வாடை வரும். நீங்கள் சொல்வது இரண்டாவது.

இலை கொட்டினதைப் பார்த்துத் தண்ணீர் ஊற்றினேன் என்று எழுதியிருக்கிறீர்கள். நானும் முதல் வருடம் அதையேதான் செய்தேன். ஏழு செடியில் நாலு போனது. நம் ஊரில் வெயில் குறைந்து, வானம் மூடி, இரவு குளிர ஆரம்பித்தால் இந்தச் செடி இலையைக் கொட்டிவிட்டுத் தூங்கப் போகும். இலை இல்லாத செடி தண்ணீர் குடிக்காது. ஊற்றினது அப்படியே வேரைச் சுற்றி நிற்கும், வேருக்கு மூச்சு முட்டும், அப்புறம் பூசணம் ஏறிவிடும். கத்திரி வெயிலில் பத்து நாள் தண்ணீர் இல்லாமல் கிடந்த செடி பிழைத்துக்கொள்ளும். கார்த்திகையில் பத்து நாள் சொதசொத ஈரத்தில் நின்றது பிழைப்பது கஷ்டம்.

இப்போது செய்ய வேண்டியது: செடியை உருவி, மண்ணை எல்லாம் உதறி, வேரைக் கழுவித் துடையுங்கள். புது பிளேடு அல்லது கத்தியைத் தீயில் காட்டி, அழுகினதை வெட்டுங்கள். வெட்டு முகம் முழுக்க வெள்ளையாக வருகிற வரைக்கும் நிறுத்தாதீர்கள். ஒரு நூல் அளவு பழுப்பு நின்றாலும் அது திரும்ப உள்ளே ஏறும். ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தியைத் துடைத்துவிட்டு வெட்டுங்கள். கையுறை கட்டாயம்.

இன்னொன்று. தண்டில் எங்கேயாவது 'வி' வடிவில் பழைய தழும்பு இருக்கிறதா பாருங்கள்.

உசிலம்பட்டிச் செடிக்காரி · நவம்பர் 16, இரவு 7.20

வெட்டின இடத்தில் மஞ்சள்தூள் அப்பிவிடுங்கள் அக்கா. நான் எல்லாச் செடிக்கும் அதுதான் செய்கிறேன்.

திருநகர் மாடித்தோட்டம் · நவம்பர் 16, இரவு 11.35

அண்ணே, இப்போதுதான் முடித்தேன். மாடி விளக்கடியில் செய்தித்தாளை விரித்து உட்கார்ந்தேன். தொட்டியைக் கவிழ்த்ததும் மண் கட்டியாக, களி மாதிரி வந்தது. அடியில் இருந்த ஓட்டைக்குள் வேர் ஒன்று நுழைந்து அடைத்துக்கொண்டிருக்கிறது. அதனால்தான் தண்ணீர் இறங்கவே இல்லை. வேர்களைப் பிடித்து இழுத்தால் மேல்தோல் மட்டும் உறை மாதிரி கழன்று கையோடு வந்தது, உள்ளே ஒரு நார் மிச்சம்.

முதல் வெட்டில் பழுத்து விட்டுப்போன சப்போட்டாவை வெட்டின மாதிரி இருந்தது. பழுப்புத் தண்ணீர் கசிந்தது. இரண்டாவது, மூன்றாவது வெட்டிலும் பழுப்புதான். அப்பா வளர்த்த செடியை நானே சீவிச் சீவி எறிகிறேனே என்று நடுவில் கை நின்றுவிட்டது. ஐந்தாவது வெட்டில்தான் வெள்ளை வந்தது, பச்சைப் பப்பாளிக் காயை வெட்டினால் இருக்குமே, அந்த வெள்ளை. பால் முத்து முத்தாக எழும்பி நின்றது. கிழங்கில் மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. வேர் இரண்டே இரண்டு மிச்சம்.

தழும்பு இருக்கிறது. அடியிலிருந்து ஒரு சாண் உயரத்தில், மூன்று கிளையிலும்.

மேலூர் ரோடு · நவம்பர் 17, காலை 5.50

நல்லது. வெள்ளை வந்துவிட்டது என்றால் பாதிக் கிணறு தாண்டிவிட்டீர்கள். வெயில் படாத, காற்றோட்டமான இடத்தில் தலைகீழாகத் தொங்கவிடுங்கள், அல்லது வெட்டு முகம் மேலே தெரிய படுக்க வையுங்கள். பத்துப் பன்னிரண்டு நாள் ஆகட்டும். வெட்டு முகம் காய்ந்து தேங்காய்ச் சிரட்டை மாதிரி இறுகணும். செடி வாடுதே என்று பயந்து தண்ணீர் காட்டாதீர்கள். அது தனக்கு வேண்டியதை அடியில் சேர்த்து வைத்திருக்கிறது, அந்தக் கிழங்கே அதற்குத்தான்.

தழும்பு இருப்பதால் அது ஒட்டுச் செடி. கரை போட்ட உங்கள் பூ அந்தத் தழும்புக்கு மேலே மட்டும்தான். அடிக்கிழங்கு வேறு ஒரு விதைச் செடி. அதனால் கீழே என்ன ஆனாலும் அந்தப் பூவை வேறு வேரில் ஏற்ற முடியும். மூன்று கிளை நுனிகளை நாலு விரல் நீளத்துக்கு வெட்டிக் காகிதத்தில் சுற்றி எடுத்து வாருங்கள். என்னிடம் இரண்டு வயது விதைச் செடிகள் இருக்கின்றன. ஒட்டுப் போட இது சரியான காலம் இல்லை, கோடையில்தான் சட்டென்று பிடிக்கும். ஆனாலும் மூன்று போட்டு வைப்போம். ஒன்று நின்றாலும் அப்பாவுடைய பூ கையில் இருக்கும்.

ஒத்தக்கடை மாணவி · நவம்பர் 17, காலை 8.15

நான் வேளாண்மைக் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். ஒரு விஷயம் சேர்க்கலாமா? மழைக்காலத்தில் வரும் இந்த மாதிரி அழுகலுக்குப் பெரும்பாலும் பித்தியம், பைட்டோப்தோரா என்ற கிருமிகள்தான் காரணம். இவை நீரில் நீந்திப் பரவுபவை, சாதாரணப் பூசண வகையில் சேராதவை. எல்லோரும் கடையில் போய்க் கார்பென்டசிம் என்ற பூசணக்கொல்லியை வாங்கி ஊற்றுகிறோம், அது இவற்றின் மேல் வேலை செய்யாது. காப்பர் ஆக்சிகுளோரைடு அல்லது மெட்டலாக்சில் கலந்த மருந்து கேட்டு வாங்குங்கள். காப்பர் ஆக்சிகுளோரைடு என்றால் லிட்டருக்கு 2.5 கிராம் வீதம் கலந்து தடவிக் காயவிடலாம். மஞ்சள்தூள் சின்ன வெட்டுக்குச் சரி. இவ்வளவு பெரிய வெட்டுக்கு அதை மட்டும் நம்ப வேண்டாம் அக்கா.

மேலூர் ரோடு · நவம்பர் 17, காலை 8.40

நன்றி பாப்பா. நான் இத்தனை வருடம் கார்பென்டசிம்தான் கொடுத்துக்கொண்டிருந்தேன். சில செடிக்குக் கேட்டது, சிலதுக்குக் கேட்கவே இல்லை. ஏன் என்று இப்போதுதான் தெரிகிறது. தங்கச்சி, பாப்பா சொன்ன மருந்தையே போடுங்கள்.

அண்ணாநகர் அடுக்ககம் · நவம்பர் 17, பகல் 1.30

எங்கள் மாமியார் பால் வடிகிற செடி வீட்டில் ஆகாது என்கிறார். அதனால் கேட்கிறேன், இது விஷமா? வீட்டில் இரண்டு வயதுப் பிள்ளை இருக்கிறது.

ஒத்தக்கடை மாணவி · நவம்பர் 17, இரவு 9.00

விஷம்தான் அக்கா, உங்கள் மாமியார் சொல்வதில் நியாயம் இருக்கிறது. இது அரளிக் குடும்பம். அரளி, எருக்கு, நந்தியாவட்டை, நித்தியகல்யாணி எல்லாம் இதற்குச் சொந்தம். அரளியில் இருப்பது போலவே இதயத் துடிப்பைக் கெடுக்கும் வேதிப்பொருட்கள் இதன் பாலிலும் உண்டு. ஆப்பிரிக்காவில் வேட்டைக்காரர்கள் இதைக் காய்ச்சி அம்பு முனையில் தடவியிருக்கிறார்கள். பூச்சட்டியைப் பிள்ளைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். ஆடு மாடு எட்டும் வேலியோரத்திலும் வேண்டாம். வெட்டினால் கையை சோப்புப் போட்டுக் கழுவுங்கள், அந்தக் கையோடு கண்ணைத் தொடாதீர்கள். தொட்டதாலேயே ஆபத்து என்று பயப்பட வேண்டாம், வாய்க்குள் போகக்கூடாது.

பெயரில்தான் ரோஜா. ரோஜாவுக்கும் இதற்கும் உறவே இல்லை. ஏமன் நாட்டுப் பக்கம் பயணம் போன ஃபோர்ஸ்கால் என்ற தாவரவியலாளர் இதை அரளி இனம் என்றே எழுதிவைத்தார். அவர் 1763இல் அங்கேயே இறந்துபோனார். நூல் வெளிவந்தது 1775இல். அடீனியம் என்ற தனிப் பேரினம் ஆனது 1819இல். ஏடன் துறைமுகத்தின் பெயர்தான் அதில் இருக்கிறது. ஏமன், ஓமன், அப்புறம் ஆப்பிரிக்காவில் சகாராவுக்குத் தெற்கே கிழக்கும் மேற்குமாகப் பரவியிருக்கிறது. அந்த நிலத்தில் மழை கொஞ்ச நாள் பெய்யும், பாறை இடுக்கில் தண்ணீர் நிற்காமல் ஓடிவிடும். நம் தொட்டியில் அந்தப் பாறை இடுக்கைத்தான் நாம் செய்துகொடுக்கணும்.

கரிசல்காட்டான் · நவம்பர் 18, காலை 7.05

பாப்பா கடைசியில் சொன்னாளே, அங்கேதான் நான் விழுந்தேன். திருமங்கலம் பக்கம் எங்கள் தோட்டத்தில் இருப்பது கரிசல். பருத்திக்குத் தங்கமான மண். அதையே கொஞ்சம் மணலோடு கலந்து வைத்தேன். மழையில் பிசைந்த மாவு மாதிரி ஒட்டியது, வெயிலில் வெடித்து வேரை அறுத்தது. மூன்று செடி. பிறகு செம்மண்ணுக்கு மாறினேன், கொஞ்சம் தேவலை. நீங்கள் எல்லாம் என்ன கலவை வைக்கிறீர்கள்?

மேலூர் ரோடு · நவம்பர் 18, இரவு 8.20

மண் குறையக் குறைய இந்தச் செடி நன்றாக இருக்கும். நான் செம்மண் ஒரு கூடை எடுத்தால் சரளையாகச் சலித்த மணல் இரண்டு கூடை, உடைத்த செங்கல் பட்டாணி அளவில் ஒரு கூடை, அடுப்புக்கரி இரண்டு கை, மட்கிய மண்புழு உரம் அரைக் கூடை. ஆற்று மணல் கிடைப்பதில்லை, எம்-சாண்ட் வாங்கினால் மாவு போகிற வரை இரண்டு மூன்று முறை அலசுங்கள். அந்த மாவுதான் சிமெண்டு மாதிரி இறுகும். தேங்காய் நார்க்கழிவு நான் போடுவதே இல்லை. நர்சரியில் வெறும் நார்க்கழிவில் வைத்து விற்பார்கள். அவர்களுக்குத் தூக்கிப்போக லேசாக இருக்கும். நம் வீட்டுக்கு வந்ததும் முதல் மழையிலேயே அது பஞ்சு மாதிரி ஈரத்தைப் பிடித்துக்கொள்ளும். வாங்கி வந்தவுடன் மாற்றிவிடுங்கள்.

கலவை சரியா என்று பார்க்க ஒரு வழி. தொட்டியில் ஒரு குவளை தண்ணீர் ஊற்றிவிட்டுப் பத்து எண்ணுங்கள். அதற்குள் அடியில் ஒழுக ஆரம்பிக்கணும். மேலே குளமாக நின்றால் கலவையைக் கொட்டித் திரும்பச் செய்யுங்கள்.

தொட்டி அகலமாக, ஆழம் குறைவாக இருக்கட்டும். மானாமதுரை மண்சட்டி மாதிரி நல்லது வேறு இல்லை, பக்கச் சுவரும் மூச்சு விடும். எதில் வைத்தாலும் தரையோடு ஒட்டி வைக்காதீர்கள், மூன்று செங்கல் மேல் தூக்கி வையுங்கள். திருநகர் தங்கச்சியின் தொட்டியில் ஓட்டை அடைத்ததே, அது தரையில் ஒட்டி இருந்ததால்தான் கவனிக்காமல் போயிருக்கும்.

திருநகர் மாடித்தோட்டம் · நவம்பர் 18, இரவு 9.15

ஆமாம் அண்ணே, நாலு வருடமாக ஒரே இடத்தில் தரையோடு இருந்தது. அப்பா இருந்தவரை மாதம் ஒரு தடவை எல்லாத் தொட்டியையும் திருப்பி வைப்பார். எதற்கு என்று நான் கேட்டதே இல்லை.

நாளைக் காலையில் நுனிகளோடு வருகிறேன்.

அண்ணாநகர் அடுக்ககம் · நவம்பர் 20, காலை 10.10

எங்களுடையது ஐந்து வருடமாக இலை மட்டும் தழைதழை என்று விடுகிறது. பூவே இல்லை. வடக்குப் பார்த்த பால்கனி. வாரம் ஒரு தடவை உரம் போடுகிறேன்.

உசிலம்பட்டிச் செடிக்காரி · நவம்பர் 20, காலை 10.45

வெயில் எத்தனை மணி நேரம் அக்கா? இதற்கு ஆறு மணி நேரமாவது நேர் வெயில் வேண்டும். வடக்கு பால்கனியில் இலைதான் வரும். தழைச்சத்து உரத்தை நிறுத்திவிட்டு, சாம்பல்சத்து கூடினதைப் போடுங்கள், மாதம் ஒரு தடவை போதும், அதுவும் செடி இலையோடு முழித்திருக்கிற மாதங்களில் மட்டும். மொட்டை மாடிக்கு உங்களுக்கு அனுமதி இருந்தால் தூக்கிப் போங்கள். ஒரேயடியாக வெயிலில் வைத்துவிடாதீர்கள், ஒரு வாரம் காலை வெயில் மட்டும் காட்டிப் பழக்குங்கள்.

அப்புறம் மாசியில் கிளைகளைப் பாதியாக வெட்டிவிடுங்கள். பூ கிளை நுனியில்தான் வரும். ஒரு நுனியை வெட்டினால் மூன்று நுனி கிளம்பும், பங்குனி சித்திரையில் செடி பூவாக நிற்கும். எங்கள் வீட்டில் போன சித்திரையில் இலையே தெரியவில்லை. ஆனால் ஒட்டுச் செடி என்றால் தழும்புக்குக் கீழே கத்தி போகக்கூடாது. நான் ஓர் அடுக்குப் பூச் செடியைத் தெரியாமல் கீழே வெட்டிவிட்டேன். துளிர்த்து வந்தது எல்லாம் ஒற்றை அடுக்கு ரோஸ், அதாவது அடிச்செடியின் பூ. அடுக்குப் பூ போனது போனதுதான்.

கரிசல்காட்டான் · நவம்பர் 20, பகல் 12.30

எங்கள் போர் தண்ணீர் உப்பு. தொட்டி விளிம்பில் வெள்ளையாகப் பூத்து நிற்கிறது. இலை மஞ்சள், நரம்பு மட்டும் பச்சை. இதற்கு என்ன?

ஒத்தக்கடை மாணவி · நவம்பர் 20, இரவு 7.40

உப்பும் சுண்ணாம்பும் ஏறினால் மண்ணில் இரும்புச்சத்து இருந்தும் வேரால் எடுக்க முடியாது. நரம்பு பச்சை, இடையில் மஞ்சள் என்பது அதன் அடையாளம். இந்த மழையில் இரண்டு டிரம் தண்ணீர் பிடித்து மூடி வையுங்கள் அண்ணே, கொசு புகாமல். செடிக்கு அதை ஊற்றுங்கள். கோடையில் போர் தண்ணீர்தான் கதி என்றால், கைவசம் இருக்கும் நல்ல தண்ணீரால் மாதம் ஒருமுறை அடி வழியே ஓடுகிற அளவுக்கு ஊற்றி உப்பைக் கழுவிவிடுங்கள். இதையும் வெயில் மாதத்தில்தான் செய்யணும்.

உசிலம்பட்டிச் செடிக்காரி · டிசம்பர் 3, காலை 9.20

என் செடியில் இரட்டைக் கொம்பு மாதிரி காய் வந்து நாலு மாதம் ஆகிறது. பச்சையிலிருந்து சாம்பல் நிறத்துக்கு மாறுகிறது. எப்போது பறிக்க?

மேலூர் ரோடு · டிசம்பர் 3, காலை 11.00

பறிக்க வேண்டாம். நூலை இரண்டு மூன்று இடத்தில் சுற்றிக் கட்டுங்கள், அல்லது ஒரு கொசுவலைத் துணியை உறையாகப் போடுங்கள். தானாக வெடிக்கும். விதை ஒவ்வொன்றுக்கும் இரண்டு முனையிலும் எருக்கம்பஞ்சு மாதிரி குஞ்சம் இருக்கும், கட்டாமல் விட்டால் காற்றோடு போய்விடும். புது விதை ஒரு வாரத்தில் முளைக்கும், ஆனால் மழை முடியட்டும், மாசிக்கு மேல் போடுங்கள். தாய்ச்செடியின் பூவே வரும் என்று எதிர்பார்க்காதீர்கள். ஆனால் அடி நன்றாகப் பருப்பது விதைச் செடிதான், வெட்டி நட்ட குச்சி அந்த அழகுக்கு வராது.

திருநகர் மாடித்தோட்டம் · டிசம்பர் 14, மாலை 5.30

பன்னிரண்டு நாள் காயவிட்டேன். வெட்டு முகம் அண்ணன் சொன்ன மாதிரியே இறுகியது, நகத்தால் தட்டினால் டொக் டொக் என்கிறது. உலர்ந்த கலவையில் மண்சட்டியில் வைத்து, ஆடாமல் இருக்க இரண்டு குச்சி கட்டி, மழை படாத சன்ஷேடுக்குக் கீழே மூன்று செங்கல் மேல் நிறுத்தியிருக்கிறேன். இன்னும் ஒரு சொட்டுத் தண்ணீர் விடவில்லை. தினமும் காலையில் அழுத்திப் பார்க்கிறேன். எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி லேசாகத் தளர்ந்திருக்கிறது, குழி எங்கேயும் இல்லை. இது தாகம்தானே அண்ணே?

மேலூர் ரோடு · டிசம்பர் 14, இரவு 7.10

தாகம்தான். பொறுங்கள். புது வேர் விடாத செடிக்கு இப்போது தண்ணீர் கொடுத்தால் குடிக்க வாய் இல்லை. தை பிறந்து வெயில் ஏறட்டும், நுனியில் பச்சைக் குருத்து தெரிகிற அன்றைக்கு ஓரமாக அரைக் குவளை விடுங்கள்.

நம் ஒட்டு மூன்றில் ஒன்று கறுத்துவிட்டது, எடுத்துப் போட்டுவிட்டேன். இரண்டு பச்சையாக நிற்கின்றன. உறையைப் பிரிக்கவில்லை.

கரிசல்காட்டான் · ஜனவரி 22, காலை 6.40

அவசரம். துளிர்த்த இலையை எல்லாம் ஒரே இரவில் எதுவோ மொட்டையடித்துவிட்டது. தேடினால் விரல் நீளத்துக்கு ஒரு பச்சைப் புழு. தலைக்குப் பின்னால் நீலத்தில் இரண்டு கண் மாதிரி. பாம்பு முறைக்கிற மாதிரி இருக்கிறது.

ஒத்தக்கடை மாணவி · ஜனவரி 22, காலை 7.30

அரளிப் பருந்து அந்துப்பூச்சியின் புழு அண்ணே. அது கண் இல்லை, பறவையை மிரட்டுவதற்கான பொட்டு. கடிக்காது, குச்சியால் எடுத்து வேலியில் நிற்கும் அரளியில் விட்டுவிடுங்கள். இலையின் அடிப்பக்கத்தில் பச்சையாகக் குண்டூசித் தலை அளவு முட்டை இருக்கும், துடைத்துவிடுங்கள். மருந்து தேவையில்லை, செடி மறுபடி துளிர்க்கும்.

திருநகர் மாடித்தோட்டம் · பிப்ரவரி 19, காலை 6.25

அண்ணே, குருத்து வந்துவிட்டது! நடுக்கிளையில் இரண்டு, அரிசி நுனி அளவு. கண்ணாடி போட்டுப் பார்த்தேன், பச்சைதான். அரைக் குவளை தண்ணீர் ஓரமாக விட்டேன். பத்து எண்ணுவதற்குள் அடியில் ஒழுகியது. வெட்டின பக்கத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்திருக்கிறேன், நேர் வெயில் பட்டால் சுட்டுவிடும் இல்லையா?

மேலூர் ரோடு · பிப்ரவரி 19, காலை 7.00

சுடும், அப்படியே இருக்கட்டும். ஒரு மாதத்துக்கு மேல்தான் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பணும்.

இங்கே ஒட்டு இரண்டும் பிடித்துவிட்டன. ஒன்றில் நாலு இலை, இன்னொன்றில் மொட்டு மாதிரி ஒன்று தெரிகிறது, முனையில் சிவப்புத் தட்டியிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை வந்து இரண்டையும் எடுத்துப் போங்கள் தங்கச்சி. பஸ்ஸில் வந்தால் கூட்டம் குறைந்த காலை வண்டியில் வாருங்கள், ஒட்டுக் கட்டின இடத்தில் இடி படக்கூடாது. டேப்பை இன்னும் மூன்று வாரம் அவிழ்க்க வேண்டாம்.

திருநகர் மாடித்தோட்டம் · பிப்ரவரி 19, காலை 7.05

அம்மாவையும் கூட்டிக்கொண்டு வருகிறேன் அண்ணே. அந்த மொட்டை அவர் பார்க்கணும் என்கிறார்.